மூதூர்ப் பக்கத்து வாளை: ஓர் அழிவபாயக் கணக்கு நடந்த விதம்

## பின்னணி

மகாவலி 335 கிலோமீற்றர் ஓடிக் கொட்டியாரக் குடாவில் விழுகிறது. விழுவதற்கு முன்னரே வெருகலாறு என்ற கிளை பிரிந்து கிழக்கே போய்விடும். இவற்றின் கரையோரத் தாழ்நிலங்களில் மாரி வெள்ளம் ஏறித் தேங்கும் இடங்களைத்தான் வில்லு என்கிறோம். ஐப்பசி, கார்த்திகையில் ஆறு கரைமீறினால் வில்லும் ஆறும் ஒரே தண்ணீராகும். தை கழிந்து வெள்ளம் வடியும்போது ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிரிந்துவிடும். ஆடி, ஆவணியில் பல வில்லுகளில் எருமை மேயும். ஆழமானவற்றில் மட்டும் தண்ணீர் மிஞ்சும்.

இந்த ஏற்ற இறக்கத்தை நம்பி வாழும் மீன்களில் பெரியது வாளை. செதிள் இல்லாத உடல், அகன்ற வாய், மற்ற மீன்களைப் பிடித்துத் தின்னும் பழக்கம். முதல் சில ஆண்டுகள் சினைப்படாது. சினைப்பட்ட பிறகு, புதுவெள்ளம் ஏறும் ஆழங்குறைந்த இடங்களைத் தேடிப்போய் முட்டையிடும். அழியும் அபாயத்திலுள்ள உயிரினங்களை வகைப்படுத்தும் உலக அளவிலான சிவப்புப் பட்டியல் இதை 'அழிவாய்ப்பு இனம்' என்று வகைப்படுத்தியிருக்கிறது. தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் பரந்து கிடக்கும் மீனாதலால், உலகப் பட்டியலைக் கொண்டு ஓர் ஆற்றின் நிலையைச் சொல்லமுடியாது. மூதூர், வெருகல் பக்கத்து மூன்று வில்லுகளிலும் அவற்றை ஒட்டிய ஆற்றுப் பகுதியிலும் வாளை அற்றுப்போகும் அபாயம் எவ்வளவு என்பதே இங்கே கேள்வி.

வில்லுகளின் பெயரை எழுதவில்லை. எழுதினால் தடைசெய்யப்பட்ட தங்கூசி (ஒற்றை நைலோன் இழை) வலையோடு லொறியில் வருகிறவர்களுக்கு வழிகாட்டியதாகிவிடும்.

ஆற்றின் மேற்பகுதியில் நடந்தவற்றையும் மனதில் வைத்துக்கொள்ளவேண்டும். பொல்கொல்லைத் திசைதிருப்பல் 1976இல் வந்தது. விக்டோரியாவும் கொத்மலையும் 1985, ரந்தெனிகல 1986, ரந்தம்பை 1990. கிளையாறான அம்பன் கங்கையில் மொரகஹகந்த 2018. பெருவெள்ளத்தை இந்த அணைகளால் முழுதாகத் தடுக்கமுடியாது. ஆண்டுதோறும் வந்துபோகும் சிறு, நடுத்தர வெள்ளங்களைத்தான் அவை அமுக்கிவிடுகின்றன. வில்லுக்கு வேண்டியதோ அந்த நடுத்தர வெள்ளந்தான். 2011 தை, மாசியில் வந்ததுபோல ஊரே மூழ்கினால் வாளைக்கு நல்லதுதான். ஆனால் அப்படியொரு வெள்ளத்தை யாரும் வேண்டிக் கேட்கமாட்டார்கள்.

## கேள்வி வந்த விதம்

நன்னீர் மீனவர் சங்கம் ஒன்று வாளைக் குஞ்சு வாங்கி வில்லுகளில் விடவேண்டும் என்று விண்ணப்பம் எழுதியது. விண்ணப்பத்தைப் பார்த்த உத்தியோகத்தர், இந்த இனம் இங்கே அழிகிறது என்பதற்கு ஆதாரம் வேண்டும், அதுவும் எண்ணாக வேண்டும் என்று திருப்பி அனுப்பினார். அதே நேரத்தில் ஒரு பட்டமேற்படிப்பு மாணவி ஆய்வுத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தார். இரண்டும் ஒரு தேநீர்க்கடையில் சந்தித்துக்கொண்டன. நீர்ப்பாசன வேலையிலிருந்து ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர் தானாக வந்து சேர்ந்தார். கணக்குப் பக்கம் உதவியது நான்.

சங்கத் தலைவருக்கு விசயம் எளிது. "மிஸ், நம்பர் ஒண்டு தாங்க, மிச்சத்த நாங்க பாத்துக்கொள்றம்" என்றார்.

எண் கேட்பது பிழையில்லை. சிவப்புப் பட்டியலின் ஐந்து அளவுகோல்களில் கடைசியானது முழுக்க நிகழ்தகவுதான்: 20 ஆண்டு அல்லது ஐந்து தலைமுறை, இரண்டில் நீண்டது எதுவோ அதற்குள் அழியும் வாய்ப்பு 20 வீதமோ அதற்கு மேலோ என்றால் அந்த இனம் 'அருகிய இனம்'. 100 ஆண்டில் 10 வீதம் என்றால் 'அழிவாய்ப்பு இனம்'. எழுத்தில் இவ்வளவு துல்லியமாக இருக்கும் இந்த அளவுகோலைக் கொண்டு பட்டியலுக்குள் வந்த இனங்கள் மிகச் சில. வயதுவாரியான பிறப்பு, இறப்பு, ஆண்டுக்காண்டு மாற்றம் எல்லாம் தெரிந்திருந்தால்தான் அதைப் பயன்படுத்தலாம்; அருகிய மீனுக்கு அவையெல்லாம் தெரிந்திருப்பது அபூர்வம்.

## முதலில் பார்த்தவை

மாணவி மீன் வந்திறங்கும் இடங்களில் காலையில் நின்று பார்த்தார். கூடைகளில் திலாப்பியாதான் நிறைந்திருந்தது. அப்புறம் விரால், கெளுத்தி, எப்போதாவது விலாங்கு. வாளை வந்த நாட்களிலும் பெரும்பாலும் சின்னது. முழங்கை நீளத்தைத் தாண்டிய ஒன்று வந்தால் எல்லோரும் எட்டிப்பார்த்தார்கள் என்பதே ஒரு தகவல்தான்.

சங்கத்தின் குறிப்புப் புத்தகங்களில் மொத்த நிறை மட்டும் இருந்தது, இனம் இல்லை. வலை போட்டு ஒன்றும் கிடைக்காத நாளை எவரும் எழுதியிருக்கவில்லை. எழுதாததில் அதிசயமில்லை, காசு வராத நாளுக்கு எதற்குக் கணக்கு? ஆனால் தொகை குறைகிறதா என்று பார்க்கிறவருக்கு மிகவும் தேவைப்படுவது அந்த வெறுங்கை நாட்கள்தான்.

வயது பார்ப்பதும் சிக்கல். செதிள் உள்ள மீன் என்றால் செதிளின் வளையங்களைப் பார்க்கலாம். வாளைக்குச் செதிள் இல்லாதபடியால் காதுக்கல்லையோ முள்ளந்தண்டு எலும்பையோ அறுத்துப் பார்க்கவேண்டும், அதற்கு மீன் செத்திருக்கவேண்டும். விற்பனைக்கு வந்த மீன்களின் தலையை வாங்குவது என்று தீர்மானமானது. தலைக்கறிக்கு இங்கே தனி விலை உண்டு என்பது ஆய்வுச் செலவுத் திட்டத்தில் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை.

வில்லுக்குள் வலைபோட்டு எண்ணும் வேலை பாதியில் நின்றது. அந்திக்குப் பிறகு யானை வரும். தண்ணீருக்குள் முதலை வலையைக் கிழிக்கும். கிடைத்த தரவைக் கொண்டு தொகை இவ்வளவு என்று சொல்ல வழியில்லை என்பது தெளிவானதும், எண்ணிக்கை தேவையில்லாத ஒரு முறையிலிருந்து தொடங்கலாம் என்றேன்.

## முதற் கணக்கு: கடைசியாகக் கண்டது எப்போது

1993இல் அன்ட்ரூ சொலோ என்ற புள்ளிவிவர ஆய்வாளர் ஓர் எளிய சூத்திரத்தைக் கொடுத்தார். ஓர் இனம் ஓரிடத்தில் எந்தெந்த ஆண்டுகளில் காணப்பட்டது என்ற பட்டியல் மட்டும் போதும். கவனிக்கத் தொடங்கியதிலிருந்து கடைசிக் காட்சி வரை உள்ள காலத்தை, இன்று வரை உள்ள மொத்தக் காலத்தால் பிரிக்கவேண்டும். எத்தனை காட்சியோ அத்தனை தடவை அந்த விகிதத்தைத் தன்னோடு பெருக்கவேண்டும். மீன் இன்னும் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டால், எல்லாக் காட்சிகளும் முற்பகுதியிலேயே விழுந்திருப்பதற்கு எவ்வளவு வாய்ப்பு என்பது விடை. விடை மிகச் சிறியதென்றால் மீன் இல்லாமல் போயிருக்கலாம் என்று சந்தேகிக்கலாம்.

மூன்று வில்லுகளில் ஆழமானதில் பெரிய வாளையை யாரும் பல ஆண்டுகளாகக் காணவில்லை என்றார்கள். அதற்கு இந்தச் சூத்திரத்தைப் போட்டோம். விளங்குவதற்காக உருண்டையான எண்களில் சொல்கிறேன்: 50 ஆண்டுக் காலம், ஐந்து காட்சி, கடைசிக் காட்சி 30ஆம் ஆண்டில். 30ஐ 50ஆல் பிரித்தால் 0.6. அதை ஐந்து தடவை பெருக்கினால் கிட்டத்தட்ட 8 வீதம். போய்விட்டது என்று அறுதியாகச் சொல்லமுடியாது, நம்பிக்கையும் அதிகமில்லை.

இதை மாணவி வெருகல் பக்கத்து முதியவர் ஒருவருக்கு விளக்கினார். எழுபதைத் தாண்டியவர், சிறுவயதிலிருந்து ஆற்றில் தோணி வலித்தவர். அவர் சூத்திரத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "பிள்ளை, அந்த வருசமெல்லாம் வில்லுக்குப் போனது ஆர்? மீன் இல்லையெண்டு ஆர் வந்து சொன்னது?" என்று மட்டும் கேட்டார்.

சூத்திரம் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: கவனிப்பு எல்லா ஆண்டும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்திருக்கவேண்டும். நம் பக்கத்தில் அது எப்படி இருந்திருக்கும்? 1983இலிருந்து 2009 வரை போர். 2006 ஜூலையில் மாவிலாறு மதகு மூடப்பட்டதைத் தொடர்ந்து மூதூரும் ஈச்சிலம்பற்றும் இடம்பெயர்ந்தன. சம்பூர்ப் பக்கத்தவர்கள் திரும்பிப்போக இன்னும் பல ஆண்டுகள் ஆயின. வில்லுக்குப் போகும் காட்டுப்பாதை திறந்த பிறகும் மிதிவெடிப் பயத்தில் பலர் போகவில்லை. அந்த ஆண்டுகளில் மீனைக் காணாதது மீனைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

அப்படியானால் யாரும் போகாத ஆண்டுகளை, உதாரணத்துக்குப் பத்து என்று வைத்து, கழித்துவிடலாம். எங்கே கழிப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இடைவெளி கடைசிக் காட்சிக்குப் பிறகு என்றால் 30ஐ 40ஆல் பிரிக்கவேண்டும்: 8 வீதம் 24 வீதமாக உயரும், மீன் இருப்பதற்கு நல்ல இடமுண்டு. இடைவெளி கடைசிக் காட்சிக்கு முன்பு என்றால் 20ஐ 40ஆல் பிரிக்கவேண்டும்: விடை 3 வீதமாக இறங்கும், மீன் போயிருப்பதற்கான சந்தேகம் முன்னைவிட வலுக்கும். அதே மீன், அதே ஐந்து காட்சி, அதே பத்து ஆண்டு. போரை ஒரு 'தரவு இடைவெளி' என்று அடிக்குறிப்பில் போட்டுவிட்டுக் கடந்துபோகும் அறிக்கைகளை நான் வாசித்திருக்கிறேன். அடிக்குறிப்புக்குள் அடங்குகிற விசயமில்லை இது.

இன்னொன்றும் வெளியே வந்தது. இந்த வில்லுகளுக்கு மூன்று தரப்பினர் வருகிறார்கள்: மூதூர், தோப்பூர்ப் பக்கத்து முஸ்லிம் மீனவர்கள், வெருகல், ஈச்சிலம்பற்றுத் தமிழ் மீனவர்கள், சேருவில பக்கத்துச் சிங்கள விவசாயிகள். ஒரு தரப்பு முகாமில் இருந்த ஆண்டில் இன்னொரு தரப்பு வலை போட்டிருக்கிறது. ஆகவே ஒரு சங்கத்திடம் மட்டும் கேட்டு எழுதிய காட்சிப் பட்டியல் அந்தச் சங்கத்தின் இடப்பெயர்வுப் பட்டியலாகத்தான் இருக்கும்.

அதனால் மாணவி மீனைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டு ஆண்டுகளைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார். எந்த ஆண்டு நீங்கள் ஆற்றுக்குப் போகமுடிந்தது? எந்த ஆண்டு வில்லும் ஆறும் சேர்ந்தன? ஆண்டின் எண் பலருக்கு நினைவில்லை. ஆனால் 1978 சூறாவளி, 1986இல் கந்தளாய்க்குளம் உடைந்தது, சுனாமி, 2011 வெள்ளம் என்று நட்டுவைத்த கம்பங்கள் இருந்தன. அவற்றுக்கு முன், பின் என்று வைத்து மற்றவற்றை நிரப்ப முடிந்தது. 1957 வெள்ளத்தைத் தகப்பன் சொன்னதாகச் சொன்னவர்களும் உண்டு. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

மூன்று தரப்பின் ஆண்டுப் பட்டியலையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது ஆழமான வில்லின் இடைவெளி பெரும்பகுதி கடைசிக் காட்சிக்குப் பின்னால்தான் விழுந்தது. 'அற்றுப்போய்விட்டது' என்ற சொல்லை அறிக்கையிலிருந்து எடுத்தோம்.

## இரண்டாவது கணக்கு: எல்லா வில்லுக்கும் ஒரே ஆண்டா கெட்ட ஆண்டு?

அடுத்தது முன்னோக்கிய கணக்கு. இங்கே எண்ணிக்கை துல்லியமாக இல்லாவிட்டாலும், எந்த ஊகம் விடையை எவ்வளவு ஆட்டுகிறது என்று பார்க்கலாம்.

முதல் விசயம் எல்லாப் பாடநூல்களிலும் இருப்பதுதான். நல்ல ஆண்டில் தொகை 1.5 மடங்கு, கெட்ட ஆண்டில் 0.6 மடங்கு, இரண்டும் மாறிமாறி வருகின்றன என்று வைப்போம். கூட்டிப் பாதியாக்கினால் 1.05, வளர்வதுபோலத் தெரியும். ஆனால் தொகை பெருக்கலில் நகர்கிறது: 1.5ஐ 0.6ஆல் பெருக்கினால் 0.9. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பத்திலொரு பங்கு போய், இருபது ஆண்டில் 35 வீதந்தான் மிஞ்சும். ஆகவே ஏற்ற இறக்கம் எவ்வளவு என்பது சராசரியைப் போலவே முக்கியம். அதிலும் ஒரு பொறி உண்டு. வலை சரியாக விழாத நாளின் குறைவையும் மீனின் குறைவாக எண்ணிவிட்டால் ஏற்ற இறக்கம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும், அபாயமும் ஊதிப்போகும். நம்மிடம் இருந்தது சந்தைத் தரவு. அது இரண்டையும் கலந்தே தரும்.

இரண்டாவதுதான் இந்த ஆய்வின் திருப்பம். மூன்று வில்லு இருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை முட்டையிடல் முழுதாகத் தவறுகிறது என்று வைப்போம். ஒன்று மற்றதைச் சாராமல் தவறினால், மூன்றும் ஒரே ஆண்டில் தவறும் வாய்ப்பு 125இல் ஒன்று. மூன்றையும் ஒரே ஆற்றுவெள்ளம் ஆட்டிவைத்தால் ஐந்தில் ஒன்று. அழிவபாயத்தைக் கணக்கிடும் வோர்டெக்ஸ் போன்ற மென்பொருளில் இந்த ஒத்துப்போதலை 0 முதல் 1 வரை நாமே கொடுக்கவேண்டும். மாணவி 0 கொடுத்து ஓட்டியபோது வாளை அசையாமல் நின்றது. 1 கொடுத்தபோது பெரும்பாலான ஓட்டங்களில் தொகை அபாயக் கோட்டுக்குக் கீழே போனது. வேறு எதையும் மாற்றவில்லை.

எதை நம்புவது? ஆறு ஒன்றுதானே, ஆகவே 1க்குக் கிட்டத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர் தலையாட்டவில்லை. மூன்றில் சிறியதற்கு ஆற்றுவெள்ளத்தோடு அல்லை நீர்ப்பாசனத் திட்டத்து வயல்களின் வடிகால் நீரும் வருகிறது என்றார். சிறுபோகத்தில் ஆறு வற்றிக் கிடக்கும்போதும் வயலுக்குத் தண்ணீர் திறந்தால் மிச்சம் அங்கே வந்து சேரும். மீனவர்களிடம் கேட்டபோது, 2016, 2017 வறட்சியில் மற்ற இரண்டும் வெடித்துக் கிடந்தன, இதில் மட்டும் முழங்காலளவு நின்றது என்று மூன்று தரப்பும் ஒரேமாதிரிச் சொன்னார்கள்.

அந்த வில்லை யாரும் மதித்ததில்லை. சல்வீனியாவும் ஆகாயத்தாமரையும் மூடிக்கிடக்கும், வயல் மருந்து மணக்கும், மீன் ருசியில்லை என்பார்கள். மாணவியின் முதற் பட்டியலில் அது 'தரங்குறைந்த வாழிடம்'. ஆனால் அதன் கெட்ட ஆண்டு மற்றவற்றின் கெட்ட ஆண்டோடு சேர்ந்து வருவதில்லை என்பதாலேயே, மாதிரியுருவில் அதை எடுத்துவிட்டால் மற்ற இரண்டும் சேர்ந்து சரிந்தன. நல்ல வில்லு ஒன்றை எடுத்தபோது அவ்வளவு சரிவு வரவில்லை. தரத்தை மட்டும் பார்த்து வாழிடங்களை வரிசைப்படுத்தும் வழக்கத்தில் இது பிடிபடவே படாது.

## குஞ்சு விடும் யோசனை

சங்கத்தின் அசல் கோரிக்கை இன்னும் மேசையில் இருந்தது. வயதுவாரித் தாயம் ஒன்றை, அதாவது ஒவ்வொரு வயதின் பிறப்பு, பிழைப்பு எண்களை அடுக்கிய அட்டவணையை, அமைத்து எந்த வயதின் பிழைப்பு கூடினால் வளர்ச்சி எவ்வளவு கூடும் என்று பார்த்தோம். இதற்கு நெகிழ்ச்சி என்று பெயர். 1987இல் குரூஸ், குரோடர், காஸ்வெல் மூவரும் அமெரிக்கக் கரையோரத்துப் பெருந்தலை ஆமைக்கு இப்படிச் செய்தார்கள். முட்டைக் குழிகளைக் காவல்காப்பதைவிட, இறால் இழுவை வலையில் அகப்படும் ஓரளவு வளர்ந்த இளம் ஆமைகளைத் தப்பவிடுவதே அதிகம் உதவும் என்று அதில் தெரிந்தது.

வாளை ஆமை இல்லை. ஆமைபோல் பல பத்தாண்டு காத்திருந்து அது முதிர்வதில்லை. ஆகவே குஞ்சுக்கு இங்கே கூடுதல் எடை உண்டு. தலைமுறைக் காலம் ஐந்து ஆண்டு என்று கொண்டால், முதலாண்டு பிழைத்துவரும் குஞ்சு பத்து வீதம் கூடினால் வளர்ச்சி வீதம் ஏறத்தாழ 2 வீதம் கூடும். ஒரு வயதைத் தாண்டிய எல்லா மீன்களின் பிழைப்பும் பத்து வீதம் கூடினால் ஏறத்தாழ 8 வீதம்.

சங்கத் தலைவர் விடவில்லை. "அப்ப பத்து வீதம் ஏன், பத்து மடங்கு குஞ்சு விட்டா?" நியாயமான கேள்வி. பெரிய மீனின் பிழைப்பைப் பத்து மடங்காக்க முடியாது, குஞ்சை ஆக்கலாம். இதற்குத் தாயத்தில் விடை இல்லை, வாளையின் குணத்தில் இருக்கிறது. வாளைக் குஞ்சு ஒன்றையொன்று தின்னும். தொட்டியில் வளர்ப்பதில் இதுவே பெரிய தலையிடி. நம் குளங்களுக்கு வழக்கமாக விடப்படுபவை திலாப்பியா, கட்லா, ரோகு போன்றவைதான். வாளைக்கு வேறு ஆற்றிலிருந்து குஞ்சு கொண்டுவந்தால் இங்குள்ள பரம்பரையோடு கலக்கும். எல்லாவற்றையும் தாண்டி விட்டாலும், வில்லும் ஆறும் சேராத ஆண்டில் கோடை வந்ததும் அவை சேற்றில் கிடக்கும்.

## எடுத்த முடிவுகள்

ஒற்றை எண் கொடுப்பதில்லை என்பது முதலாவது. வில்லுகள் ஒத்துப்போகும் அளவைக் குறைவாக, நடுத்தரமாக, கூடுதலாக வைத்து மூன்று விடைகளையும், அவற்றோடு ஆண்டுப் பட்டியலையும் கொடுப்பது. மாணவி இதில் உறுதியாக நின்றார். ஒரு எண்ணைக் கொடுத்தால் அடுத்த கூட்டத்தில் அது மட்டுந்தான் மிஞ்சும் என்பது அவர் காரணம்.

குஞ்சு விண்ணப்பத்தைச் சங்கம் திரும்ப எடுத்தது. மகிழ்ச்சியோடு இல்லை. குஞ்சு விடும் நாளில் படம் எடுப்பார்கள், சங்கத்துக்கு ஒரு பெயர் வரும். வாய்க்காலில் வலை போடாமல் இருப்பதை யார் படம் எடுப்பார்?

அதற்குப் பதிலாக இரண்டு உடன்பாடு. முதல் மாரி வெள்ளம் ஏறி இறங்கும் வரை, வில்லையும் ஆற்றையும் இணைக்கும் வாய்க்கால் வாய்களை முழுதாக மறித்து வலை கட்டுவதில்லை, பாதி திறந்திருக்கவேண்டும். கோடையில் வடிகால் வில்லில் மிஞ்சும் மடுவில் வலை இழுப்பதில்லை, இயந்திரம் வைத்துத் தண்ணீர் இறைப்பதில்லை. இரண்டாவது உடன்பாடு மீனவர்களைவிட மரக்கறித் தோட்டக்காரர்களைத்தான் பாதித்தது, அவர்களோடு பேசுவதற்குத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் போனார்.

மாரி முழுவதும் மீன்பிடியைத் தடைசெய்யலாமே என்று ஆலோசனை சொன்னவர்களும் உண்டு. திருகோணமலைக் கடல் கொந்தளிக்கும் மாதங்களும் வாளை முட்டையிடும் மாதங்களும் ஒன்றே. கடலுக்குப் போகமுடியாதவர்கள் ஆற்றுக்கு வருவது அப்போதுதான். அந்த மாதங்களில் முழுத்தடை போட்டால் இரவில் மீறுவார்கள், மீறியதை யாரும் பதிவுசெய்யவும் முடியாது. பெரிய சினை மீனை விட்டுவிடும்படி கேட்பதையும் சங்கம் ஏற்கவில்லை. அது அன்றைய வீட்டுச் செலவு.

## பின் நடந்தவை

முதல் மாரியில் ஒரு வாய்க்காலில் உடன்பாடு நிலைத்தது. இன்னொன்றில் வெளியாட்கள் தங்கூசி வலை கட்டினார்கள். சங்கத்தார் போய்ச் சொல்லியும் கேட்கவில்லை. முறைப்பாடு கொடுத்தார்கள், அதிகாரிகள் வருவதற்குள் வெள்ளம் வடிந்துவிட்டது. அந்த ஆண்டு நல்ல வெள்ளம். வில்லுகள் மூன்றும் ஆற்றோடு சேர்ந்தன. அடுத்த கோடையில் வடிகால் வில்லின் மடுவில் சின்ன வாளைகளைக் கண்டதாக மூன்று தரப்பிலிருந்தும் சொன்னார்கள். உடன்பாட்டினால் வந்ததா, வெள்ளத்தினால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. வலை கட்டிய வாய்க்காலுக்கும் கட்டாத வாய்க்காலுக்கும் இடையில் ஒப்பிடலாம் என்று நான் நினைத்தேன். தண்ணீர் எல்லாம் ஒன்றான பிறகு எந்த மீன் எந்த வாயால் வந்தது என்று யாருக்குத் தெரியும்?

இரண்டாம் மாரியில் ஆறு கரையேறவே இல்லை. வாய்க்கால் திறந்திருந்தும் உள்ளே தண்ணீர் போகவில்லை. மடுவைப் பொறுத்தவரை தோட்டக்காரர்கள் ஒருவரைத் தவிர மற்றவர்கள் சொல்லைக் காப்பாற்றினார்கள். அந்த ஒருவரும் இரவில் இறைத்தார் என்பதால் வெட்கப்பட்டார் என்று எடுத்துக்கொண்டோம்.

உத்தியோகத்தரின் படிவத்தில் மூன்று எண் எழுத இடமில்லை. 'தரவு போதாது' என்ற கட்டத்தில் அடையாளம் போட்டார், அறிக்கையைக் கோப்பில் இணைத்தார். மாணவியின் ஆய்வேட்டைப் பரிசோதித்தவர்களும் ஏன் ஒரு எண் இல்லை என்று கேட்டார்கள். அவர் ஒத்துப்போதலை 0இலிருந்து 1 வரை நகர்த்திய வரைபடத்தைக் காட்டினார். ஏற்றுக்கொண்டார்கள், சில திருத்தங்களோடு.

## அடுத்தமுறை மாறவேண்டியவை

ஆண்டுப் பட்டியல் முதலில் வரவேண்டும், வலை போடுவதற்கும் மென்பொருளைத் திறப்பதற்கும் முன்னால். மூன்று தரப்பிடமும் தனித்தனியாகக் கேட்கவேண்டும். ஒரே கூட்டத்தில் உட்காரவைத்தபோது இடம்பெயர்ந்த ஆண்டுகளைப் பற்றி யாரும் வாய்திறக்கவில்லை, வீடுகளுக்குப் போனபோது தேநீரோடு எல்லாம் வந்தது.

சங்கப் புத்தகத்தில் இனத்துக்கு ஒரு நிரலும் வெறுங்கை நாளுக்கு ஒரு நிரலும் சேர்த்திருக்கிறார்கள். ஒருசிலர்தான் எழுதுகிறார்கள். ஒருசிலர் தொடர்ந்து எழுதினாலே ஏற்ற இறக்கத்தில் மீனின் பங்கையும் வலையின் பங்கையும் ஓரளவு பிரிக்கலாம். வடிகால் வில்லின் தண்ணீரில் பூச்சிமருந்து எவ்வளவு என்று பார்க்கவேண்டும். அபாயக் கணக்கு முழுவதும் அந்த ஒரு வில்லின் தோளில் ஏறி நிற்கிறது, அதன் தண்ணீரையோ யாரும் சோதிக்கவில்லை. அல்லைத் திட்டத்தில் வாய்க்கால்களுக்குக் கொங்கிறீற் போட்டுச் சிக்கனமாக்கினால் வடிகால் நீர் குறையும். விவசாயத்துக்கு அது நல்ல வேலைதான், ஆனால் அப்படியொரு திட்டம் வரும்போது வில்லின் பங்கைக் கேட்க யாராவது அந்தக் கூட்டத்தில் இருக்கவேண்டும்.

வில்லும் ஆறும் எந்த மட்டத்தில் சேர்கின்றன என்பதை நினைவிலிருந்து எழுதிக்கொண்டிருக்க முடியாது. மூன்று வாய்க்கால் வாயிலும் அடி அடையாளமிட்ட தூண் நடுவதற்குத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் இடம் பார்த்து வைத்திருக்கிறார். இரண்டு நட்டாயிற்று. மூன்றாவதைப் புரட்டாதிக்குள் நடவேண்டும், ஐப்பசி பிறந்தால் அந்தப் பாதையால் உழவு இயந்திரங்கூடப் போகாது.